பையில் ஒரு லுங்கி

பிள்ளைகளே, நாளைக்கு நீங்கள் அம்மாவோடு ஏலகிரி போவதற்குப் பை அடுக்குகிறேன். இந்தக் கோடையை நம்ப முடியாது. காலையில் கொளுத்துகிறது, சாயங்காலம் கொட்டுகிறது. கொடியிலிருந்து என் லுங்கியை எடுத்து உதறினேன். எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் பறந்து மூக்கில் ஏறியது. என் நைனாவின் லுங்கியில் வந்த அதே வாசனை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. என்னையும் என் அம்மாவையும் ஆரணியில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்ப நைனா பை அடுக்கினார். "ஆளுக்கு ரெண்டு துணி போதும். பை கனத்தா பேஜாரு" என்றார். கடைசியில் தன் லுங்கியை உதறி மேலே வைத்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நைனா எங்களோடு எந்த ஊருக்கும் வந்ததில்லை. இந்த முறை வருகிறார் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டேன்.

எங்களை ரயிலில் உட்காரவைத்துவிட்டு அவர் இறங்கி ஜன்னலோரம் நின்றார்.

"ஏறு நைனா, வண்டி பூடும்!"

"நான் எங்கடா வர்றது? கப்பலு வந்து நிக்குது."

"உன் லுங்கி பையில கீதே?"

"அது உனுக்குடா. வெயிலடிச்சா தலையில கட்டிக்கோ, மழ வந்தா போத்திக்கோ."

ஆரணியில் பத்து நாளும் மழையே இல்லை. இருந்தும் தினமும் அதைப் போர்த்திக்கொண்டுதான் படுத்தேன்.

சற்றுமுன் பாப்பா பைக்குள் எட்டி என் லுங்கியைப் பார்த்து, "நைனா, நீயும் வர்றியா?" என்று குதித்தாள். எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் இதை எழுதிப் பையின்மேல் வைக்கிறேன். நான் வரவில்லை என்று உங்களுக்கும் ரயிலடியில் தெரிய வேண்டாம், வீட்டிலேயே படித்துவிடுங்கள். லுங்கி மட்டும்தான் வருகிறது.