ஒரே மூட்டை விதைமல்லி

மடுல்சீமையில் காலை ஐந்தரை பஸ்ஸில் இருந்தவர்கள்: டிரைவர், கண்டக்டர், கோழியோடு ஒருவர், என் மனைவி லெட்சுமி, நான். பெப்ரவரி மாதம், ஞாயிற்றுக்கிழமை. பதுளைக்கு டிக்கெட் ஒரு ரூபா நாற்பது சதம்.

கடையில் மல்லி கிடைக்காத வருஷம் அது. லெட்சுமியின் அண்ணன் கருப்பையா ஸ்பிரிங்வெளியில் இருக்கிறார். ஒரு மூட்டை விதைமல்லி வாங்கி எங்களுக்குப் பாதி கொடுத்தார். அவர் பாத்தியில் காய் தாங்காமல் செடி சாய்ந்து கிடக்கிறதாம். என்னுடையதில் அளந்தால் ஒரு கொத்துத் தேறாது. சொத்தை விதையை எனக்குத் தள்ளிவிட்டார் என்று நினைத்தேன். அவர் மகனுக்குத்தான் சித்திரையில் என் மகளைக் கொடுக்கப் பேச்சு.

"ஒரு கொத்து மல்லிக்காகப் பொண்ணு கல்யாணத்த நிறுத்தப் போறீங்களா?" என்றாள் லெட்சுமி.

"பாத்துட்டுச் சொல்றேன்."

பசறையில் தேத்தண்ணி குடித்தோம். எட்டேகாலுக்குப் பதுளை. விதை விற்ற கடை முதலாளியிடம் என் மிச்ச விதையைக் காட்டினேன். "நல்ல விதைதானே தம்பி" என்றார். விற்றவர் வேறு என்ன சொல்வார்?

அங்கிருந்து ஏழு மைல். பத்தரைக்கு ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கருப்பையாவின் லயத்து வீட்டு வாசலில் நின்றோம்.

"வாங்க மச்சான்! என்ன, எழவு வீட்டுக்கு வந்த மாதிரி மூஞ்சி?"

"மல்லிப் பாத்தியக் காட்டுங்க."

லயத்துக்குப் பின்னால் பெரிய பாத்தி. கேள்விப்பட்டது உண்மை. ஓரத்தில் இன்னொரு சின்னப் பாத்தி. பாதிச் செடி இல்லை, நின்றது மஞ்சள். என் பாத்தியைப் பார்த்தது போலவே இருந்தது.

"இது வேற விதையா?"

"அதே மூட்டைதான். மிச்சத்தத் தீபாவளி முடிஞ்சு போட்டேன். பிஞ்சுச் செடி, மார்கழி மழையில அழுகிருச்சு. பெருசு, மொத மழைக்கே போட்டது. நீங்க எப்ப போட்டீங்க?"

எங்கள் லயத்தில் தீபாவளி லீவில்தான் பாத்தி கொத்துவோம். அதற்கு முன் யாரும் மண்வெட்டி எடுப்பதில்லை.

வீட்டுச் சுவரில் போன வருஷக் கலண்டர் இன்னும் தொங்கியது. ஒக்டோபர் இருபதில் கரிக்கோடு, மச்சான் பெரிய பாத்தி விதைத்த நாள். நான் விதைத்தது தீபாவளிக்கு மறுநாள், நவம்பர் பதினான்கு. விரல் வைத்து எண்ணினேன்.

மச்சான் பெண்சாதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, கல்யாணத்துக்கு நாள் பாக்குறீங்களா?"

லெட்சுமி என்னையே பார்த்தாள்.

"ஆமா" என்றேன்.

மூன்று மணிக்குப் பதுளையில் பஸ் ஏறினோம். பசறை தாண்டியதும் லெட்சுமி கேட்டாள், அண்ணன் விதைத்ததற்கும் நான் விதைத்ததற்கும் நடுவே கலண்டரில் எத்தனை நாள் வந்தது என்று.

இருபத்தைந்து நாள் என்றேன்.