சத்தியம் கேட்காத மண்டபம்

எங்கள் குடும்பத்தை இன்றுவரை காத்து நிற்கும் பிள்ளையாரின் பாதம் பணிந்து, அண்ணா காலமாகி ஒரு வருடம் நிறையும் ஆட்டைத் திவசத்துக்கு வந்திருக்கும் உங்கள் கையில் இந்த நினைவு மலரைத் தருகிறோம். நான் அதிகம் படித்தவள் அல்ல. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா குடித்ததையும் விட்டதையும் மலரில் எழுதலாமா என்று முதலில் அண்ணியைக் கேட்டேன். “ஊருக்கே தெரியக் குடிச்ச மனுசன். விட்டதை மட்டும் ஏன் ஒளிக்கவேணும்? எழுதுங்கோ” என்றார். அதனால் எழுதுகிறேன்.

அண்ணா பூநகரியில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா காலமான பின் மேசன் வேலைக்குப் போய் எங்களை ஆளாக்கினார். என் கழுத்தில் ஏறிய தாலிக்கொடியும் அவர் உழைப்புத்தான். கடைசி யுத்தத்தில் மூத்த மகளைப் பறிகொடுத்தார். அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த பின் எங்கள் பக்கத்து வீட்டுத்திட்ட வீடுகள் பலவற்றைக் கட்டியவர், தன் வீட்டுச் சுவரைப் பூசாமலே விட்டார். பின்னேரமானால் சாராயம். பிறகு காலையிலும் சாராயம்.

அப்போது நான் ஒரு பிழை செய்தேன். கோயிலுக்குக் கூட்டிப் போய்க் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்வித்தேன். ஒரு தரம் அல்ல, மூன்று தரம். மூன்றையும் அவர் முறித்தார். மூன்றாம் தரத்துக்குப் பிறகு கோயில் வீதியால் போவதையே விட்டு, வயல் வரம்பால் சுற்றிப் போகத் தொடங்கினார். குடியால் சாமி பக்தியும் போய்விட்டதே என்று நான் திட்டினேன்.

அவர் வயிறு வீங்கிக் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு நேர்ஸ் பிள்ளைதான் சொன்னார்: “அம்மா, ஞாயிற்றுக்கிழமையில பின்னேரம் ஒரு கூட்டம் நடக்குது. குடிச்சு விட்டவையும், விட ஏலாமக் கிடக்கிறவையும் வருவினம். கூட்டிக்கொண்டு போங்கோ.”

“கூட்டமோ? நான் என்ன எலெக்சனோ கேக்கப் போறன்?” என்றார் அண்ணா.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு ஞாயிறு நான் அவரைக் கூட்டிப் போனேன். கூட்டம் நடப்பது மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் முன்பள்ளி மண்டபத்தில். நெற்றியில் திருநீற்றோடு எனக்கும் தயக்கம்தான். மத்தியான பஸ்ஸை விட்டால் அங்கே போக வேறு பஸ் இல்லை என்பதால் இரண்டு மணித்தியாலம் முந்தியே போய்ச் சேர்ந்துவிட்டோம். ஆட்கள் வந்த பிறகும் அண்ணா வாசலிலேயே நின்றார். உள்ளே பெரிய பெரிய ஆம்பிளைகள், முன்பள்ளிப் பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில், முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்தார்கள்.

கூட்டத்தை நடத்தியவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஐயா ஒருவர். “தம்பி, உள்ளுக்கு வாரும். கதிரை சின்னன்தான், முறியாது” என்று கூப்பிட்டார். அண்ணா சிரித்துவிட்டார். போய் இருந்தார்.

கூட்டம் முடிந்ததும் நான் ஐயாவிடம், “சத்தியம் எடுப்பிக்கிறேல்லையோ?” என்று கேட்டேன்.

“சத்தியம் எடுத்து முறிச்ச ஆக்கள்தான் தங்கச்சி இங்க இருக்கிறம். இண்டைக்குக் குடிக்கேல்லை எண்டு சொன்னாப் போதும். நாளையைப் பற்றி நாளைக்குக் கதைப்பம்” என்றார்.

இரண்டு ஞாயிறு அண்ணா வாய் திறக்கவில்லை. மூன்றாம் ஞாயிறு, வெளியே வேப்பமர நிழலில் இருந்த எனக்கு அவர் குரல் கேட்டது. “தங்கச்சிக்காக மூண்டு தரம் சத்தியம் செய்தனான். மூண்டும் பொய்யாப் போச்சு. அதுக்குப் பிறகு பிள்ளையாரின்ர முகத்தைப் பாக்க வெக்கம். அதுதான் வரம்பால போறனான்.” பக்தி போகவில்லை. நான்தான் அவரைச் சாமியிடமிருந்து துரத்தியிருக்கிறேன். அன்று திரும்பும் பஸ்ஸில் மன்னிப்புக் கேட்டேன். “விடு பிள்ளை, பனங்கட்டி இருக்கோ?” என்றார். குடிக்கும் ஆசை வரும்போது அவருக்குக் கடித்துக்கொள்ள இனிப்பாகப் பனங்கட்டியும், பால் விடாத பிளேன்ரீயும் வேண்டும்.

இடையில் ஒரு தைப்பொங்கலன்று மறுபடி குடியில் விழுந்தார். அடுத்த ஞாயிறே போய் அதைச் சொன்னார். அதன்பின் ஆறு வருடம் தொடவில்லை. சுவரைப் பூசினார். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு வந்தார். சின்னக் கதிரைகளுக்குப் பதிலாக அந்த மண்டபத்தில் சுவரோடு, எல்லாரும் வரிசையாக இருக்க ஒரு நீளமான சீமெந்து வாங்கு கட்டிக் கொடுத்தார். ஈரல் முன்பே பழுதாகியிருந்தபடியால் ஆண்டவன் அதற்கு மேல் தவணை தரவில்லை.

ஒருவர் காலமாகி எட்டாம் நாள், அவர் விரும்பி உண்டதைப் படைப்பது எங்கள் வழக்கம். எங்கள் தாய்மாமா பாசத்தோடு ஒரு சாராயப் போத்தல் கொண்டுவந்து படையலில் வைத்தார்.

“மாமா, அண்ணா இதை விட்டு ஆறு வருசம்.”

“செத்தாப் பிறகு என்ன பிள்ளை விரதம்? அவன்ர ஆத்மா ஏங்கக்கூடாது.”

வழக்கத்தை மீறினால் குற்றமோ என்று எனக்குப் பயம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலிருந்து வந்த எட்டுப் பேரும் அங்கேதான், அந்தப் போத்தலைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அவர்களைக் கண்டதும் எழுந்து குசினிக்குப் போனேன். அண்ணாவின் கோப்பையில் பிளேன்ரீ ஊற்றி, பனங்கட்டித் துண்டோடு கொண்டுவந்து வைத்துப் போத்தலை எடுத்தேன். “மாமா, ஆறு வருசமா அவர் விரும்பினது இது.” மாமா கற்பூரத்தைக் கொளுத்தினார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தவர்களுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், பந்தல் போட்டுச் சமைத்துத் தந்த அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கூட்டத்துக்கு வருகிறவர்களை வெளியில் சொல்வதில்லை என்பது அங்கத்தைய ஒழுங்கு; அதனால் அந்தச் சகோதரர்களின் பெயரை எழுதக்கூடாது. ஆனால் யாரைச் சொல்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குக் கைகூப்பி நன்றி.

இதை வாசிக்கும் உங்கள் வீட்டிலும் ஒருவர் வரம்பால் சுற்றிப் போகிறவராக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். மத்தியான பஸ்ஸில் நானும் கூட வருவேன். அண்ணா கட்டிய வாங்கில் இடம் இருக்கிறது. கற்பூரம் கொண்டுவர மாட்டேன்.

— தங்கச்சி