அவள் எடுத்த பூ

என் மகள் பள்ளிக்கூடம் போக மாட்டாள். அடம் இல்லை, பயம். பள்ளிக்கூட கேட்டைக் கண்டதும் வாந்தி எடுப்பாள். வெறும் வயிற்றோடு கூட்டிப் போனாலும் மஞ்சளாக வரும்.

எண்பத்தஞ்சு, எண்பத்தாறு இருக்கும். செம்பாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். நான் கோவளத்துக்காரி. தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்றேன். வீட்டுக்காரர் மீன்பாடி என்கிற மூன்று சக்கர வண்டி ஓட்டினார். பேர்தான் மீன்பாடி. அடுத்தவர் வீட்டு பீரோவும் கட்டிலும்தான் அதில் அதிகம் ஏறின.

பள்ளிக்கூடம் போகாததால் என்னோடு மார்க்கெட்டில் இருப்பாள். முந்தானையை விடமாட்டாள். நான் கக்கூசுக்குப் போனால் வெளியே நின்று, "எம்மா, கீறியா?" என்பாள். கீறேன், உள்ளதான் இருக்கேன் என்பேன். மறுபடி கேட்பாள். அப்பா வர நேரமானால் லாரி அடித்துவிட்டதா என்பாள். சோறு இறங்காது.

பக்கத்துக் கடைக்காரி சிரிப்பாள். "புள்ளய முந்தானில முடிஞ்சி வெச்சிகினு கீறியே, சில்லறைன்னு நெனச்சிகினியாடி?"

நானும் சிரிப்பேன். வேறு என்ன செய்ய.

தர்காவில் மந்திரித்தோம். வேப்பிலை அடித்தோம். கயிறு கட்டினோம். கை மெலிந்து கயிறுதான் கழன்றது.

மீன் வாங்க வந்த டீச்சர் ஒருத்தி பார்த்துவிட்டு, இது பிடிவாதம் இல்லை, பட்டணத்து ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கென்று டாக்டர் இருக்கிறார், காட்டு என்றாள். மூன்று பேரும் மின்சார ரயிலில் போனோம்.

டாக்டரம்மா அவளிடம் நெடுநேரம் பேசினார். பிறகு எங்களைக் கூப்பிட்டார். பயம்தான் நோய், யார் மேலும் குற்றமில்லை என்றார். கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளிக்கூடத்துக்குப் பழக்க வேண்டும். கூடவே ஒரு மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம், ரொம்பத் தூங்கினால் உடனே கூட்டி வாருங்கள் என்றார். கட்டாயம் இல்லை, பேசி முடிவு செய்யுங்கள் என்று மாத்திரையைக் காகித உறையில் போட்டுக் கொடுத்தார்.

திரும்பும் ரயிலிலேயே சண்டை.

"பைத்தியத்துக்குக் குடுக்கறதுமே அது. இத்தினூண்டு புள்ளைக்கா? நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்?"

"நாளைக்கு கெடக்கட்டும்யா. இன்னிக்கி அது சோறு துன்ன மாட்டேங்குது."

அவருடைய அண்ணிக்கு அந்தக் காலத்தில் ஏதோ மாத்திரை கொடுத்தார்கள். அவள் எச்சில் ஒழுக மூலையில் உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்திருக்கிறார். அவர் பயமும் பயம்தான். பிள்ளை நடுவில் உட்கார்ந்து, பேசுகிற வாயை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தது.

வீட்டிலும் முடிவு வரவில்லை. இப்படி முடிவு வராமல் போனால் எங்கள் ஆட்கள் அம்மனிடம் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் செய்யாதே. கல்யாணத்துக்கும் பார்ப்போம், வீடு மாறவும் பார்ப்போம். ஏரிக்கரை அம்மன் கோயிலுக்குப் போனோம். பூசாரி நந்தியாவட்டை ஒன்றும் செவ்வரளி ஒன்றும் தனித்தனியாக மடித்து, குலுக்கி, அம்மன் காலடியில் வைத்தார்.

பொட்டலத்தைச் சின்னப் பிள்ளைதான் எடுக்க வேண்டும். தெருவில் பார்த்தோம். ஒரு பிள்ளைகூட இல்லை. எல்லாம் பள்ளிக்கூடத்தில். பள்ளிக்கூடம் போகாத பிள்ளை எங்களுடையது ஒன்றுதான்.

"நீயே எடு தாயி," என்றார் பூசாரி.

"எத எடுக்கணும்மா?"

"மனசுக்கு வந்தத எடு," என்றேன். கை கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவள் எடுக்க ரொம்ப நேரமானது. கண்ணைத் திறந்தபோது ஒரு பொட்டலம் அவள் கையில் இருந்தது. விரலைப் பிரித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. உள்ளே செவ்வரளி. நசுங்கி உள்ளங்கையெல்லாம் ஈரம்.

வீட்டுக்காரர் மாத்திரையை ஏரியில் போட்டார். நான் தடுக்கவில்லை. அம்மன் சொன்ன பிறகு என்ன பேச.

"சரியாத்தான் எடுத்தனாம்மா?" என்று வழியெல்லாம் கேட்டாள்.

"சரிதான்," என்றேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பழக்குவதையும் விட்டோம். அதோடு படிப்பு போனது. மார்க்கெட்டில் என் பக்கத்திலேயே மீன் ஆய்ந்தபடி வளர்ந்தாள். கை நல்ல வேகம். ஆனால் தனியாக ரோட்டைத் தாண்ட மாட்டாள். நான் ஐஸ் வாங்கப் போனால் தாவணி போட்ட பெண், "எம்மா, கீறியா?" என்று கூப்பிடுவாள். இப்போது பக்கத்துக் கடைக்காரி சிரிப்பதில்லை.

பதினெட்டு முடிந்ததும் பெண் பார்க்க வந்தார்கள். காபித் தட்டோடு வந்தவள் பாதியில் தட்டை வைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடினாள். வாந்தி எடுக்கிற சத்தம் கூடத்துக்கே கேட்டது. வந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் நினைத்தது வேறு. காபி குடிக்காமல் எழுந்து போனார்கள்.

அவள் முகத்தை நான் கழுவிவிட்டேன். அப்போதுதான் சொன்னாள்.

"ஒனக்கு வெள்ள வரணும், அப்பாவுக்கு செவப்பு வரணும். அது எனக்குத் தெரியும்மா. எதுல எது கீதுன்னுதான் தெரியல. உன் மூஞ்சப் பாத்து எடுக்கலாம்னு பாத்தேன். நீ கண்ண மூடிகினு இருந்த."

வீட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கேட்டது. உள்ளே வரவில்லை.

மறுநாள் நான் கடை போடவில்லை. யாரையும் கேட்கவில்லை, பூவும் கட்டவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். அதே ஆஸ்பத்திரி, வேறு டாக்டர். சின்ன வயசுக்காரர். சின்னதில் இருந்தே இப்படி என்றால் ஏன் அப்போதே மருந்து ஆரம்பிக்கவில்லை என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"அம்மா மேல தப்பு இல்ல டாக்டர். நான்தான் மாத்தி எடுத்துட்டேன்."

டாக்டருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். என் முந்தானை அவள் கையில் இருந்தது.