அப்பாவின் பகல் தூக்கம்

1998-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் நடந்தது. அரியலூர் பக்கத்தில் ஒரு சிற்றூரில், சாலையை விட்டு உள்ளே தள்ளி, முள்ளுக்காட்டு ஓரமாக எங்கள் வீடு. ஒரே அறைதான். எனக்குப் பதினொரு வயது, தங்கைக்கு எட்டு.

அப்பா சிமென்ட் ஆலையில் அரவை மில்லில் ஒப்பந்தத் தொழிலாளி. நான்கு வருடமாக எப்போதும் இரவு ஷிப்டு. காலையில் புருவம் முதல் நகம் வரை சாம்பல் நிறமாக வருவார். குளித்து, பழைய சோறு சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். அவர் படுத்ததும் வீட்டில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அது அம்மா போட்ட சட்டம். பாத்திரத்தைச் சாக்கின் மேல்தான் வைக்க வேண்டும். கடுகு வெடிக்கும் என்பதால் அம்மா ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்த் தாளிப்பார். பேச வேண்டியதையெல்லாம் கையாலேயே பேசுவோம். அடி வாங்கினால்கூட அங்கேயே அழக் கூடாது. தெருமுனை வேப்பமரம் வரை ஓடிப்போய் அழுதுவிட்டு வர வேண்டும். போய்ச் சேர்வதற்குள் பாதி அழுகை காணாமல் போய்விடும்.

அன்று பதினொரு மணி இருக்கும். அப்பா பாயில் படுத்திருந்தார். தங்கை என் தோளைத் தட்டி, கையைத் தூக்கிப் படம் எடுப்பதுபோலக் காட்டினாள். பார்த்தால், விறகுக் கட்டிலிருந்து வந்த பாம்பு ஒன்று, அப்பாவின் கால்மேல் கிடந்த போர்வையில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தது.

அம்மா அலறுவதற்கு வாயைத் திறந்தார். திறந்த வாயைத் தானே பொத்திக்கொண்டார். பழக்கம்!

நான் பாயோடு இழுக்கலாம் என்று கையைக் காட்டினேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு, வேண்டாம் என்று கையை ஆட்டினார். தங்கை ஒரு தென்னந்துடைப்பத்தை எடுத்து நீட்டினாள். அதற்கு அவளுக்கு ஒரு கிள்ளு விழுந்தது. அவள் வேப்பமரத்துக்கு ஓடுவதா, இங்கேயே நிற்பதா என்று தெரியாமல் விழித்தாள். அந்தப் பாம்பு கொத்திவிட்டால் எங்களுக்கு அப்பா இல்லை.

அந்த நேரம் பார்த்து, புளி கேட்டு வந்த பக்கத்து வீட்டு அத்தை வாசலிலேயே, "ஐயோ, பாம்பு! பாம்பு!" என்று கத்தினார்.

நாங்கள் மூவரும் ஒன்றாகத் திரும்பி, உதட்டில் விரலை வைத்து, "உஸ்ஸ்ஸ்!" என்றோம்.

"அடிப் பாவிகளா! புருசன் காலுல பாம்பு கெடக்கு, என்னையப் போயி உஸ்ஸுங்கிறீங்களேடி!" என்றவர், மூலையில் இருந்த உலக்கையை எடுத்துத் தரையில் ஓங்கி ஓங்கி இடித்தார். பாம்பு சரசரவென்று இறங்கித் தண்ணீர் போகும் ஓட்டை வழியாக வெளியே போய்விட்டது. சாரையா, நல்லதா என்று உற்றுப் பார்க்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

மறுநொடி அப்பா எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் தூக்கத்தின் சுவடே இல்லை. "நீ நல்லா இருக்கணும் தாயி. நீ வரலன்னா இவளுங்க எனக்குப் பால் ஊத்துற வரைக்கும் கையை ஆட்டிக்கிட்டேதான் நின்னுருப்பாளுங்க."

அம்மாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "முழிச்சுக்கிட்டா கெடந்தீங்க? எப்ப முழிச்சீங்க?"

அப்பா தலையைச் சொறிந்தார். "எங்கடி தூங்கினேன், முழிக்கிறதுக்கு? மில்லு ராத்திரி பூரா கடகடன்னு ஓடுது. அந்தச் சத்தத்துல நின்னுக்கிட்டே தூக்கம் வருது. வூட்டுல வந்து படுத்தா ஒரு சத்தமும் இல்ல, காது குய்யுங்குது. சும்மா கண்ணை மூடிக்கிட்டுக் கெடப்பேன்."

"நாலு வருசமாவா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ ஸ்டவ்வத் தூக்கிக்கிட்டு வெயில்ல போறதப் பாத்தா, எனக்கு எப்புடிச் சொல்ல மனசு வரும்?"

அம்மா சாக்கை உருவி எறிந்துவிட்டு, இருந்த பாத்திரத்தையெல்லாம் இழுத்துப் போட்டுக் கடமுடவென்று தேய்க்க ஆரம்பித்தார். நானும் தங்கையும் அவர் அனுமதியோடு கத்திச் சண்டை போட்டோம். கால் மணி நேரத்தில் அப்பாவின் குறட்டை கேட்டது. அதற்கு முன் நாங்கள் அதைக் கேட்டதே இல்லை.

இன்று எனக்கென்று ஒரு குடும்பம் இருக்கிறது. அதிகம் பேசாத, கூச்ச சுபாவம் எனக்கு. ஆனாலும் நான் யாருக்காகவாவது வாய்மூடிச் சிரமப்படும்போது, "இது உங்களுக்கு வேணுமா?" என்று அவரிடமே எப்படியாவது கேட்டுவிடுகிறேன். பாதி நேரம் வேண்டாம் என்றுதான் பதில் வருகிறது.