ஆறாம் எண் முட்டை

மாலை ஆறே கால் ஆனால் மாடிப்படியில் 'டப், டப்' என்று ஒரு ரப்பர் செருப்பு ஏறும். இரண்டாம் மாடியில் தையலம்மா இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார். மூன்றாம் மாடியில் பூட்டு திறக்கும். பிறகு ஓர் ஆண்குரல், வெண்ணெய் தடவினாற்போல்: "என்ன கண்ணு, இன்னைக்கும் சாப்பிடலையா? வயித்துல புள்ளைங்கள வெச்சுக்கிட்டு இப்படிப் பட்டினி கெடக்கலாமா?"

பதில் வராது. வராத அந்தப் பதிலில்தான் வதந்தி பிறந்தது. மாடிக்காரர் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஒளித்துவைத்திருக்கிறார். பாவம், அவளுக்கு வாய் பேச வராது. கட்டடத்தில் அவர் வீடு போக இருந்த பதினொரு வீடுகளில் ஒன்பது இதை நம்பின. மற்ற இரண்டும் பூட்டிக் கிடந்தன.

விசாரணைக் கமிஷனாகத் தையலம்மாவே கிளம்பினார். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு மேலே போய்க் கதவைத் தட்டினார். "ஏண்ணே, உள்ள யாரு?"

"வாம்மா, வந்து பாரு."

சுவர் நீளத்துக்கு இரும்பு அலமாரி. அதில் வரிசையாகப் பிளாஸ்டிக் பெட்டிகள். பெட்டிக்கு ஒரு மலைப்பாம்பு. வதந்தியில் கர்ப்பம் மட்டும் உண்மை. தையலம்மா இறங்கிய வேகத்தில் அளவு நாடா அங்கேயே விழுந்துவிட்டது. மறுநாள் அதைத் துடைத்து, வட்டமாகச் சுருட்டி, மாடிக்காரரே படியில் பார்த்துக் கொடுத்தார்.

"கடிக்குமா?"

"எங்கம்மா! பயந்தா பந்து மாதிரி சுருண்டு தலைய உள்ள ஒளிச்சுக்கும். அதனாலதான் பந்துப் பாம்புன்னு பேரு. அவ்வளவுதான் அதோட வீரம்."

"வளக்கிற ஆளப் பாத்தாலே தெரியுது" என்றார் தையலம்மா. அதற்கு அவர் சிரித்தார். ரொம்ப நாளாகப் பெட்டியிலேயே இருந்த சட்டையைப் போல அந்தச் சிரிப்பு கொஞ்சம் கசங்கியிருந்தது.

பெயின்ட் கடையில் நிறம் கலக்குகிற வேலை. மாடிக்காரருக்குக் கடைவீதி வைத்த பெயர் ஷேட் கார்டு, நிற மாதிரி அட்டை. பெயர்ந்த காரை, கிழிந்த பாவாடை, பழைய பல்செட், எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். இதில் நாலு சொட்டு, அதில் அரைச் சொட்டு. "அச்சு அசலா அதே கலர், சார். ராத்திரி பகல் எதுல வேணாலும் வெச்சுப் பாருங்க." இருபத்திரண்டு வருடத்தில் ஒரு டப்பா திரும்பி வந்ததில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதரின் மானத்தை வீட்டில் ஒரு பாம்பு வாங்கியது. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு முட்டையிலிருந்து வெளிர்மஞ்சள் குட்டி ஒன்று எட்டிப் பார்த்தது. வெளிர்மஞ்சள் அதிசயமில்லை, அந்த ரகத்தின் உடம்பில் கருப்பே ஊறாது. ஆனால் இதன் கழுத்தில் மைக்கூடு கவிழ்ந்தாற்போல் கன்னங்கரேல் என்று ஒரு தெறிப்பு. வரக்கூடாத நிறம், வரக்கூடாத இடத்தில். ஏன் வந்தது என்று கேட்டால் வளர்ப்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி தோளைக் குலுக்குவார்கள். பத்தாயிரத்தில் ஒன்று என்பார்கள்; எண்ணிப் பார்த்தவர் எவருமில்லை.

அவர்களில் மூத்த ஒருவர் போனில் சொன்னார்: "ஒரு தடவ வந்தா அது விபத்து, தம்பி. ரெண்டாவது தடவ வந்தாத்தான் ரகம்."

அந்த இரண்டாவது தடவைக்காகத்தான் ஒன்பது வருடம். மை தெறித்த அந்தக் குட்டிக்கு மைக்காரன் என்று பெயர் வைத்து, வளர்ந்ததும் ஜோடி சேர்த்து ஐந்து முறை முட்டை பார்த்தார். பழுப்பாக வந்தன, வெளிர்மஞ்சளாக வந்தன. மை வரவில்லை. இதற்கிடையில் ஒருநாள் மனைவி கேட்டார்: "பாம்பா, நானா? ஒண்ணச் சொல்லுங்க." பதில் தப்பாகச் சொல்லவில்லை அவர், யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் பெட்டி கட்டியாகிவிட்டது. குளிர்பதனப் பெட்டியில், பாம்புகளுக்குத் தீனியாக வாங்கிய எலிகளுக்குப் பக்கத்தில், மனைவி வைத்துப்போன எலுமிச்சை ஊறுகாய் இன்றும் இருக்கிறது. திறப்பதில்லை.

போன மழைக்காலத்தில் மைக்காரன் செத்தது. அதற்கு முன் சேர்ந்த ஜோடியில் நின்ற கர்ப்பம்தான் தையலம்மா காதில் விழுந்தது. ஆறு முட்டைகள், இனி ஏழாவது கிடையாது. அவற்றைத் தெர்மோகோல் பெட்டியில், முப்பத்தொன்றரை டிகிரிச் சூட்டில் வைத்தார். ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் ஒரு எண். கோழிமுட்டையைப் போல இதைப் புரட்டக்கூடாது, புரண்டால் உள்ளே குட்டி செத்துப்போகலாம். எப்படி இட்டதோ அப்படியே கிடக்க வேண்டும், எண் எப்போதும் வானம் பார்த்திருக்க வேண்டும்.

நாற்பத்தாறாம் நாள், ஒரு ஞாயிறு மத்தியானம், அடைமழையில் மின்சாரம் போனது. வெப்பமானி இறங்க இறங்க, அவர் படியிறங்கிப் போய்த் தையலம்மா கதவைத் தட்டினார். அந்தக் கட்டடத்தில் அவர் தட்டிய முதல் கதவு அது.

"சுடுதண்ணிப் பை வேணும்மா."

இடுப்புவலிக்கு ஒத்தடம் கொடுக்கிற ரப்பர் பையில் வெந்நீர் நிரப்பி, பழைய புடவைத் துண்டைச் சுற்றி, தையலம்மாவே தூக்கிக்கொண்டு மேலே வந்தார். அலமாரிப் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்தபடி நடந்தார். மாடிக்காரர் அடுப்பில் அடுத்த பானையை வைத்துவிட்டு வருவதற்குள், பைக்கு இடம் பண்ணுவதற்காகத் தையலம்மா ஓரத்து முட்டையை எடுத்து நகர்த்தி வைத்திருந்தார்.

"மெதுவாத்தான் எடுத்தேன். கொழந்தையத் தூக்கற மாதிரி."

ஆறாம் எண் இருந்த இடத்தில் எண் இல்லை. வெறும் வெள்ளை. எண்ணைத் தேடிப் பிடித்து மாடிக்காரர் மெல்லத் திருப்பி வைத்தபோது, அது புரண்டு கால் மணி நேரம் ஆகியிருந்தது.

"நல்லதும்மா" என்றார். பெட்டியை மூடினார்.

மின்சாரம் வந்ததும் தையலம்மா எழுந்தார். "பை இருக்கட்டும். குட்டி வெளிய வந்ததும் மொதல்ல எனக்குத்தான் காட்டணும். அதுதான் வாடகை."

"பயமா இல்லையா?"

"பயந்துகிட்டே பாக்கறேன். உங்களுக்கென்ன?"

ஒன்பது வருடத்தில், காட்டு என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை.

ஐம்பத்தெட்டாம் நாள் முட்டைகள் கிழிந்தன. மூன்று பழுப்பு, இரண்டு வெளிர்மஞ்சள். ஆறாவது அசையவில்லை. இரண்டு நாள் பொறுத்துச் சின்னக் கத்தரியால் ஓட்டைத் திறந்தார். முழுதாக வளர்ந்த குட்டி, உயிர் இல்லை. வெளிர்மஞ்சள் உடம்பு, கழுத்தில், அப்பனுக்கு இருந்த இடத்திலிருந்து அரை விரல் தள்ளி, மை.

புரண்டதாலா, குளிர்ந்ததாலா, அதன் விதியாலா, யாராலும் சொல்ல முடியாது. ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அதே கருப்பு. போனில் மூத்தவரின் எண்ணைத் தேடி எடுத்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, அணைத்துவிட்டார்.

படியில் தையலம்மா பிடித்துக்கொண்டார். "எத்தன பொரிஞ்சுது?"

"அஞ்சு. ஒண்ணு கூமுட்டை."

"எது, ஓரத்துல இருந்ததா?"

"நடுவுல இருந்தது" என்றார் ஷேட் கார்டு. ஆயுளில் அவர் தெரிந்தே தப்பாகக் கலந்த கலவை இது ஒன்றுதான்.

"அப்ப எப்பக் காட்டப் போறீங்க?"

"தோல் உரிக்கட்டும்."

தோல் உரித்தன. "மொதத் தீனி எடுக்கட்டும்." தீனியும் எடுத்தன.

"அடுத்தது என்ன, பள்ளிக்கூடத்துல சேக்கட்டும்னு சொல்லுவீங்களா? பையும் வரல, குட்டியும் வரல. நல்லா இருக்குண்ணே நியாயம்!"

கொண்டுபோய்க் காட்டலாம். ஆனால் தையலம்மாவுக்கு அளவெடுக்கிற கண். ஐந்தைப் பார்த்துவிட்டு ஆறாவதைப் பற்றி இன்னும் ஒரு கேள்வி கேட்பார். ஒரு பொய்யை ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. இரண்டாவது தடவை ஷேட் கார்டுக்கு வராது. ரப்பர் பை ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருக்கிறது.

இப்போதும் ஆறே காலுக்குத்தான் வருகிறார். முதல் மாடி வரை செருப்புச் சத்தம் கேட்கும். அங்கே குனிந்து இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். நேற்று இரண்டாம் மாடி வாசலைத் தாண்டும்போது உள்ளே தையல் இயந்திரம் சட்டென்று நின்றது. மார்போடு அணைத்த செருப்புகளுடன், ஒரு காலை மேல்படியில் வைத்தபடி, இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கும்வரை அவர் அப்படியே நின்றார்.