ஆவி படக்கூடாத அடுப்படி

கொழுந்தனுக்குக் கலியாணப் பேச்சு தொடங்கியதும், பெண் வீட்டார் வந்து பார்க்கும்போது கெலிஓயாவில் இருந்த எங்கள் வீட்டு அடுப்படி "ஒரு மாதிரியா" இருக்கக் கூடாது என்று கொழுந்தனே முடிவு செய்தார். பிலிமத்தலாவையில் ஒரு ஷோரூமில், அடுப்படிச் சுவரை அடைத்துப் பொருத்தும் பென்ட்ரி கபட்டுக்குச் சொல்லிவிட்டு வந்த பிறகுதான் எங்களிடமே சொன்னார்.

அளவெடுக்க வந்தவன் டை கட்டியிருந்தான். மரத்தூளைப் பசையோடு அழுத்தி, மேலே தேக்கின் படம் அச்சடித்த தாளை ஒட்டிய பலகைத் துண்டொன்றைக் கையில் தந்தான்.

"இது மரமா தம்பி?"

"மரத்தவிட மேல் மேடம். மரம் வளையும், இது வளையாது."

மரத்தைவிட மேலான பொருள் எதற்காக மரத்தின் முகத்தை ஒட்டிக்கொண்டு வர வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை.

ஒரே காலையில் கபட்டுகளைச் சுவரில் பொருத்திப் பூட்டிவிட்டுப் போனார்கள். எல்லாக் கதவிலும் ஒரே இடத்தில் ஒரே மரக்கண். கொழுந்தனோ தானே செதுக்கியதுபோல அக்கம்பக்கத்தாருக்கு லாச்சிகளை இழுத்து மூடிக் காட்டினார்.

மழைக்காலம் வந்தது. கழுவுதொட்டிக்குக் கீழிருந்த பலகை தேத்தண்ணியில் முக்கிய ரஸ்க்குபோல ஊதியது. டைக்காரன் திரும்ப வந்தான். குனிந்து பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடித்தான்.

"ஆவி பட்டிருக்கு மேடம். இதுல ஆவி படக்கூடாது."

"ஆவி படாம அடுப்படில எப்படிப்பா சோறு வடிக்கிறது?"

அவன் டையைச் சரிசெய்துகொண்டான். கொழுந்தன்தான் பதில் சொன்னார். "அண்ணி, நீங்கதான் கொஞ்சம் பார்த்துப் புழங்கணும்."

அன்றிலிருந்து காஸ் அடுப்பைப் பின்வாசலில் வைத்துச் சமைத்தேன். அடுப்பில்லாத அடுப்படி விருந்தாளிகளுக்காகக் காத்திருந்தது.

அவர்களும் வந்தார்கள். ஹாலில் வடை பரிமாறிக்கொண்டிருந்தபோது உள்ளே பெருஞ்சத்தம். ஏற்கெனவே ஈரம் ஏறியிருந்த மேல்தட்டு, திருகாணி பிடித்த இடம் மாவாய் உதிர்ந்து, பீங்கான் கோப்பைகளோடு கீழே கிடந்தது. கொழுந்தன் முகம் வெளிறிவிட்டது. பெண்ணின் அப்பா எழுந்து வந்து, உடைந்த விளிம்பில் ஒரு சிட்டிகை தூளை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன்.

"எங்க வீட்டுலயும் இதான் போட்டிருக்கோம்," என்றார் பெருமையாக. "ஆனா நாங்க உள்ள சாமான் ஒண்ணும் வைக்கிறதில்ல."

கொழுந்தனுக்கு உயிர் வந்தது. எந்தக் கலர் எடுப்பாக இருக்கும் என்று இருவரும் பேசத் தொடங்கினார்கள். நான் பீங்கான் துண்டுகளைப் பொறுக்கினேன்.

கலியாணம் நல்லபடி நடந்தது. கண்டியில் மணமக்கள் குடியேறிய மாடிவீட்டில் கட்டிலிலிருந்து சாமித்தட்டு வரைக்கும் அந்தப் பலகைதான். சாப்பாடு கடையிலிருந்து வருகிறது. பலகைக்கு ஒரு குறையும் இல்லை.

நான் கொத்துவேலை செய்யும் மேசன் பாஸைக் கூப்பிட்டு சீமெந்துத் தட்டு கட்டச் சொன்னேன். கழற்றிய பலகைகளை வெந்நீர் அடுப்பில் விறகாக வைத்தால், எரியும் பசை நாற்றத்தில் வீட்டில் இருக்க முடியவில்லை. குப்பை லொறிக்காரர்கள் ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். கடைசியில் கோழிக்கூட்டுக்குக் கூரையாகப் போட்டேன். இரண்டு மழைக்குப் பிறகு கோழிகள் கொய்யா மரத்தில் ஏறிப் படுக்கத் தொடங்கின.