மிதிக்காத முதுகு

தாய் வயிற்றிலிருந்து தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்து பிறந்தவன் நான். போடியில் ஒருவன் வைத்தியனாக இது போதும். முதுகிலோ விலாவிலோ மூச்சுப் பிடித்துக்கொண்டால், அப்படிப் பிறந்தவன் இடது காலால் மூன்று முறை மிதித்தால் பிடிப்பு விலகிவிடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. ஏலக்காய்க் கடையில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்த என்னை வேலை செய்ய விடமாட்டார்கள். போடிமெட்டிலிருந்து ஜீப்பில் வந்து இறங்குகிறவன் நேராகக் கடைக்குள் நுழைந்து, "அண்ணே, வெரசா ஒரு மிதி மிதிங்க, சோலி கெடக்கு" என்று தரையில் குப்புறப் படுத்துவிடுவான். எரிச்சல்தான் வரும். என் கால் என்ன ஊர்ப் பொதுச் சொத்தா?

ஆனால் சில வருஷங்களில் எனக்கு ஒன்று விளங்கியது. காலில் ஒன்றுமே இல்லை. வலிக்குமே என்ற பயத்தில் ஆள் மூச்சை உள்ளே அடக்கிவைத்திருப்பான். அடக்கின இடத்தில் ரத்த ஓட்டம் நின்று சதை கல்லாகிக் கிடக்கும். அப்போது மிதித்துப் பிரயோசனமில்லை. அதனால் பேச்சுக் கொடுப்பேன். "என்ன மாப்ளே, மாமியார் வீட்டுக் கறிச்சோறா? இம்புட்டு வீங்கிக் கெடக்க!" என்பேன். அவன் சிரிப்பான். சிரித்த மூச்சு வெளியே போகிற நேரம் பார்த்துக் காலை இறக்குவேன். எழுந்து உட்கார்ந்து, "போயிருச்சுண்ணே!" என்பான். எனக்கும் உள்ளூரப் பெருமைதான், பொய் சொல்வானேன்.

1955 வாக்கில் ஒரு மழைக்காலம். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றும்போது என் மனைவிக்கு விலாவில் பிடித்துக்கொண்டது. மூன்று நாள் படுக்க முடியவில்லை, கஞ்சி இறங்கவில்லை, ஒவ்வொரு மூச்சையும் பாதியில் நிறுத்தி நிறுத்தி இழுத்தாள். ஊருக்கெல்லாம் மிதிக்கிற என்னை மட்டும் கூப்பிடவில்லை. எனக்குக் கோபம். "வீட்டுலயே ஆள வச்சுக்கிட்டு ஏன் புள்ள இந்தப் பாடு படுற? படு!" என்று அதட்டினேன். விலாவைப் பிடித்தபடி மெல்லப் பாயில் குப்புறப் படுத்தாள்.

வழக்கம்போல் ஏதோ கேலி சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. காலைத் தூக்கினேன். பாதம் முதுகைத் தொடுமுன்பே அவள் உடம்பு சுருண்டது. இரண்டு கைகளும் தலையை மூடிக்கொண்டன.

தூக்கிய கால் அப்படியே நின்றது. அதற்கு நாலு வருஷம் முன்பு, சோறு தாமதமாகிவிட்டதென்று அவளை எட்டி உதைத்திருந்தேன். ஒரே ஒரு தடவை. மறுநாளே நான் மறந்துவிட்டேன். அவள் உடம்பு மறக்கவில்லை. அடப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "அன்னைக்கு உதைச்சது தப்பு புள்ள. இனி இந்தக் கால் உன் மேல படாது" என்றேன். சொன்னவுடன் அவளுக்கு மூச்சு இளகிவிடும் என்று எதிர்பார்த்தேன், மடையன். இளகவில்லை. தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தேன். ஒத்தடத்தின் நடுவே முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்: "உதைச்சது ஒரு நாளுதாங்க. ஆனா வாசல்ல உங்க செருப்புச் சத்தம் கேட்டா, இன்னைக்கும் எனக்கு மூச்சு நின்னுருது."

விலாப் பிடிப்பு நாலு நாள் ஒத்தடத்தில் விட்டது. மற்றதற்கு என்னிடம் வைத்தியம் இல்லை. அன்று முதல் கடை முடிந்து வந்தால் வாசலுக்கு வெளியிலேயே நின்று, "நான்தான், வரலாமா?" என்று கேட்பேன். பக்கத்து வீட்டார் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் கதவைத் திறந்துவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விடுவாள். "வாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.